ஈரத்துக்கு மேல் ஈரம்

பிரயனி எங்கள் வீட்டு மருமகளாக வந்து இறங்கிய அன்று மழை பெய்துகொண்டிருந்தது. கடலிலிருந்து ஏறிய மூடுபனி எங்கள் கட்டடமான கார்ஸ்டன் மேன்ஷன்ஸின் செங்கல் முகப்பைப் பாதிவரை விழுங்கியிருந்தது. நான் வாசற்படியில் குடையோடு நின்றேன். மகனின் மனைவியை வரவேற்பதைக் கட்டடக் காவலாளியிடம் விடுவது பென்ரோஸ் குடும்பத்தில் இல்லாத வழக்கம்.

காரிலிருந்து இறங்கியவள் என் குடைக்குள் வரவில்லை. மழையில் நின்றபடி மூன்றாம் மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

"ஹெக்டர், முன்பக்கம் அந்தச் சின்ன ஜன்னல் இருக்கே, அது எந்த ரூம்?"

என் முதல் மருமகள் இமோஜன் என்னை அப்பா என்றுதான் அழைப்பாள். இவள் பெயர் சொன்னாள். இந்தக் காலத்துப் பெண்கள் அப்படித்தான். நான் முகத்தில் எதையும் காட்டவில்லை.

"பெட்டி போட்டு வைக்கிற ரூம்."

"கடல் தெரியுமா?"

"பனி இல்லேன்னா தெரியும்."

"அப்போ அதுதான் என் குளியலறை" என்று சிரித்தாள். பின்னால் என் மகன் ஜூலியன், தூக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தான். அவன் காது மடல்கள் சிவந்திருந்தன. சிறுவயதிலிருந்தே அவனுக்கு அச்சம் வந்தால் அப்படித்தான்.

இங்கிலாந்தின் ஹோவ் கடற்கரையில் இருக்கும் அந்தக் கட்டடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வீடுகளை என் தகப்பனார் நீண்ட குத்தகைக்கு எடுத்தார். இரண்டாம் மாடியில் நான். மூன்றாம் மாடியில் ஜூலியன். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. முன்பக்கம் ஓர் அறை (எனக்கு அது படுக்கையறை, மேலே பெட்டியறை), நடுவில் நீண்ட நடை, பின்பக்கக் கோடியில் குளியலறை. என் குளியலறைக்கு நேர் மேலே அவன் குளியலறை. இரண்டையும் துளைத்துக்கொண்டு, மூலையில், கூரையிலிருந்து தரைவரை ஓடும் ஒரு பருத்த இரும்புக் கழிவுக்குழாய்.

அந்தக் குழாய்தான் எங்களுக்குத் தூது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு தயாரானதும் இமோஜன் தன் குளியலறையில் தொங்கும் நீளக் கைப்பிடி வைத்த முதுகு தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்து, அதன் கட்டையால் குழாயில் இரண்டு முறை தட்டுவாள். கீழே நான் கைத்தடியால் ஒரு முறை தட்டுவேன். வருகிறேன் என்று அர்த்தம். பிறகு டையைச் சரிசெய்துகொண்டு மேலே போவேன். வாட்டிய ஆட்டிறைச்சி, புதினாச் சாறு, உருளைக்கிழங்கு. எனக்கு எதிரில் அவள்.

அவளுக்கு ஒரு குணம் உண்டு. தன்னுடையது என்று ஒன்றை நினைத்துவிட்டால் இன்னொருவர் விரல் அதில் படக் கூடாது. ஒருமுறை என் தங்கை விருந்துக்கு வந்தபோது விளையாட்டாக அந்தப் பிரஷ்ஷை எடுத்துக் குழாயில் தட்டிவிட்டாள். இமோஜன் பிரஷ்ஷை வாங்கி, வெந்நீரில் கழுவி, கொக்கியில் மாட்டினாள். என் தங்கை ஊருக்குக் கிளம்பும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வயலட் பூ வாசனை வரும் ஒரு குளியல் உப்பைத்தான் அவள் வாங்குவாள். அதே வாசனை ஜூலியனின் சிநேகிதி ஒருத்தி மேல் வந்தது என்று ஒரு விருந்திலிருந்து பாதியில் எழுந்து வந்தவள்.

அவள் நுரையீரல் நோயில், மருத்துவமனையில் போனாள். சவப்பெட்டியை மூடும் முன் நான் அருகில் நின்றேன். அவள் விரலில் கல்யாண மோதிரம் இருந்தது. அது அவளோடு போக வேண்டும் என்று சொன்னவனே நான்தான்.

அதற்குப் பிறகு ஜூலியன் மேலே தனியாக இருந்தான். பின்பக்கக் குளியலறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தான். சில மாலைகளில் அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் எனக்குக் கேட்கும். அவனுக்கும் கேட்டிருக்கும். மறுநாள் பார்த்தால் கொக்கியில் தொங்கும் பிரஷ் ஈரமாக இருக்கும். "குழாய் பழசு" என்று நான் சொல்வேன். "ஆமாம்பா, குழாய் பழசு" என்று அவன் சொல்வான். எங்கள் குடும்பத்தில் சில விஷயங்களை இப்படித்தான் பேசுவோம்.

கதவு சாத்தியிருந்தது. அவள் அங்கே இருந்தாள். யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

இதைப் பிரயனியிடம் யாரும் சொல்லவில்லை. மணமாகி வந்த பெண்ணிடம் சொல்லக்கூடிய செய்தியா அது?

வந்த சில நாட்களிலேயே, தேநீர் மேசையில், அவள் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஜூலியன், அந்தத் தொட்டியில உக்காந்தா யாரோ மடியில உக்காந்த மாதிரி இருக்கு."

"பழைய இரும்புத் தொட்டிம்மா. அதான் சில்லுனு இருக்கும்."

"இரும்புக்கு வயலட் வாசனை வருமா?"

ஜூலியன் என்னைப் பார்த்தான். நான் என் கோப்பையைப் பார்த்தேன்.

"குழாய் பழசு" என்றேன்.

"எதைக் கேட்டாலும் குழாய் பழசு!" அவள் எழுந்து நின்றாள். கோபத்தில் அழகாக இருந்தாள் என்பதை நான் மறுக்க மாட்டேன். "அவளோட தொட்டி, அவளோட கொக்கி, அவளோட கண்ணாடி. கண்ணாடியில என் மூஞ்சிய பாக்கறதுக்கு முன்னாடி அவ மூஞ்சி நகர்ந்து வழி விடற மாதிரி இருக்கு. நான் செத்தவளோட போட்டி போட வரல, ஜூலியன். ஆனா போட்டின்னு வந்தா தோக்கவும் மாட்டேன். குளியலறை முன்பக்கம் வரணும். அந்தப் பின்ரூம் நமக்குப் பொறக்கப் போற குழந்தைக்கு."

இமோஜனுக்குக் குழந்தை இல்லை. மேலே எங்கோ ஒரு குழாய் முனகியது. அன்று அது உண்மையிலேயே பழைய குழாயாகவும் இருந்திருக்கலாம்.

குத்தகை வீட்டில் ஆணி அடிப்பதற்குக்கூட நிலச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும் என்பார்கள். குளியலறையை இடம் மாற்றுவது சாதாரண காரியமல்ல. அவருடைய முகவர் அலுவலகத்திலிருந்து மிஸ் ஹாலெட் என்ற பெண் அளவு நாடாவோடு வந்து மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தக் கட்டடத்துல ஒரே விதிதான் மிஸ்டர் பென்ரோஸ். ஈரத்துக்கு மேல ஈரம், உலர்ந்ததுக்கு மேல உலர்ந்தது. அதாவது குளியலறைக்கு மேலதான் குளியலறை. அவங்க கேக்கற ரூம் உங்க படுக்கைக்கு நேர் மேல வருது. வேற யாராவது கீழ இருந்தா இப்பவே முடியாதுன்னு சொல்லியிருப்பேன். நீங்க குடும்பம். ஆட்சேபணை இல்லேன்னா எழுதிக் கொடுங்க. இருக்குன்னா அதையும் எழுதிக் கொடுங்க, இதோட முடிஞ்சுது."

ஜூலியன் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். மறுத்துவிடுங்கள் என்று. பிரயனி தலையசைக்கவில்லை. நேராக என் கண்ணைப் பார்த்தாள்.

சொந்த மருமகள் கேட்டதை அந்நியர் முன்னால் மாமனார் மறுத்தார் என்ற பேச்சு அந்த அலுவலகத்தில் உலவுவதை நான் அனுமதிக்க முடியாது. கையெழுத்துப் போட்டேன்.

வேலைக்கு வந்த குழாய்க்காரர் லென் வாய் ஓயாதவர். பிரயனியைக் கண்ணு என்பார், என்னைத் தலைவரே என்பார்.

"தண்ணிக்கு வாட்டம் வேணும் தலைவரே. பெரிய குழாய் பின்னாடி மூலையில இருக்கு, தொட்டி முன்னாடி வருது. நடையோட தரைய ஒசத்தி, அதுக்கு அடியில முன்கோடியிலிருந்து பின்கோடி வரைக்கும் புதுக்குழாய ஓட்டணும். வீட்டுக்குள்ளயே ஒரு ராஜபாட்டை!"

அவர் முன்னிருந்து பின்னே போகும் தண்ணீரைத்தான் நினைத்தார். பின்னிருந்து முன்னே வர விரும்புகிறவர்களைப் பற்றி அவருக்குத் தெரியாது.

பழைய தொட்டியைச் சுவரிலிருந்து பிரித்தபோது நானும் மேலே இருந்தேன். தொட்டிக்குப் போன கிளைக்குழாயை லென் அறுத்தார். அறுபட்ட வாயிலிருந்து வயலட் வாசனை குபீரென்று வந்து அறையை நிறைத்தது.

"யாருப்பா இது, சென்ட் பாட்டிலை உள்ள ஊத்தினது?" என்று சிரித்தபடி அந்த வாயை மூடியிட்டு இறுக்கினார். எதோடும் சேராத ஒரு முண்டுக்குழாயாக அது சுவரோரம் நின்றது.

பிரஷ்ஷைப் பிரயனி தன் கையாலேயே கொண்டுபோய்த் தெருவில் இடிபாடுகளை அள்ளிப்போட நிறுத்தியிருந்த இரும்புப் பெட்டியில் போட்டாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். போட்டுவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

பின்னறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். முன்னறையில் வெள்ளைத் தொட்டி வந்தது. ஜன்னலில் கடல். அவள் சந்தோஷமாக இருந்தாள். நான் அவளிடம் குடும்பத்து வழக்கத்தைச் சொன்னேன். இனி அவள்தான் வீட்டுத் தலைவி. சொல்லத்தானே வேண்டும்?

"மாடிக்குக் கூப்பிட குழாயத் தட்டணுமா? போன் எதுக்கு இருக்கு ஹெக்டர்?"

"ஒரே வீட்டுக்குள்ள போன் பண்றது கடைக்காரங்க பழக்கம்."

"அவ எப்படித் தட்டுவா?"

"மெதுவா. ரெண்டு தடவை."

"நான் பலமாத் தட்டுவேன்" என்றாள்.

அந்த ஞாயிறு மதியம் நான் நடையில் நின்று டை கட்டிக்கொண்டிருந்தேன். முன்பக்கம், என் படுக்கையறைக்கு மேலே, புதுக்குழாயில் கரண்டியால் அடித்த இரண்டு தட்டல். பலமாக, தாளம் பிசகி. பிரயனி.

கைத்தடியை எடுத்தேன்.

பின்பக்கம் இரண்டு தட்டல்.

மெதுவாக.

கட்டையால்.

நடையின் நடுவில் நின்றேன். முன்னால் ஒருத்தி கூப்பிட்டிருக்கிறாள். பின்னால் ஒருத்தி கூப்பிட்டிருக்கிறாள். யாருடைய அழைப்புக்கும் பதில் சொல்லாமல் நிற்பது மரியாதையல்ல. எத்தனையோ ஞாயிறுகள் பழகிய கால்கள் பின்பக்கம் போயின. மூலையிலிருந்த இரும்புக் குழாயில் ஒரு முறை தட்டினேன்.

குழாய் ஈரமாக இருந்தது.

மேலே சாப்பாட்டு மேசையில் பிரயனி இறைச்சியை வெட்டியபடி கேட்டாள். "நான் ரெண்டு தட்டினேன். அப்புறம் இன்னொரு ரெண்டு கேட்டுச்சு. அது யாரு?"

"குழாய்..." என்று ஜூலியன் ஆரம்பித்தான்.

"பழசுன்னு சொல்லாதே. போன வாரம் போட்ட குழாய்." கத்தியைக் கீழே வைத்தாள். "ஹெக்டர், உங்க பதில எந்தப் பக்கம் தட்டினீங்க?"

"வழக்கமான எடத்துல."

"அப்போ என் பக்கம் இல்ல."

அவள் மறுபடி கத்தியை எடுத்து இறைச்சியைப் பரிமாறினாள். ஆனால் என் தட்டில் உருளைக்கிழங்கு வைக்க மறந்தாள்.

அதன் பிறகுதான் கறை தொடங்கியது. முதலில் என் நடையின் பின்கோடியில், குளியலறை வாசலுக்கு மேலே, உட்கூரையில் ஒரு கைக்குட்டை அளவு. பழுப்பு நிறம். மறுநாள் அது சற்று முன்னால் வந்திருந்தது. பின்னாலிருந்த பகுதி மங்கி, முன்பகுதி கருத்திருந்தது. கசிவு என்றால் பரவும். இது பரவவில்லை. நகர்ந்தது. மேலே புதுக்குழாய் ஓடும் கோட்டிலேயே, முன்பக்கம் நோக்கி.

மிஸ் ஹாலெட்டை வரவழைத்தேன். ஏணியில் ஏறி, ஈரம் காட்டும் கருவியைக் கறையின் மேல் வைத்தார். தட்டிப் பார்த்து மறுபடி வைத்தார்.

"உலர்ந்திருக்கு. பிஸ்கட் மாதிரி உலர்ந்திருக்கு மிஸ்டர் பென்ரோஸ். இங்க ஒரு சொட்டுத் தண்ணி வந்ததே இல்ல." விரலை முகர்ந்தார். "வீட்டுல பூ ஏதாவது வச்சிருக்கீங்களா?"

அன்று ஜூலியன் என்னை மாடிப்படியில் நிறுத்தினான். குரலை அடக்கிப் பேசினான்.

"அப்பா, பிரயனிகிட்ட சொல்லிடலாமா?"

"என்ன சொல்லப் போற?"

"இருக்கறதை."

"இமோஜன் உன் மனைவியா இருந்தவ. பென்ரோஸ் குடும்பத்துல செத்தவங்களைப் பத்திப் புரளி பேசற வழக்கம் இல்ல."

"புரளியா? கறை எங்க வரைக்கும் வந்திருக்குன்னு பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். என் படுக்கையறைக் கதவு நிலைக்கு மேலே நின்றது.

குளிர்காலம். நாலு மணிக்கே இருட்டிவிடும். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, சாப்பாடு முடிந்து கீழே வந்து, விளக்கைப் போடாமல் படுக்கையில் சாய்ந்திருந்தேன். மேலே பிரயனி தொட்டியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம். அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். தண்ணீர் நின்றது. அவள் உள்ளே இறங்கும் சலசலப்பு.

ஜன்னலின் மிச்ச வெளிச்சத்தில் உட்கூரையைப் பார்த்தேன்.

கறை நிலையைத் தாண்டியிருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வந்தது. இலையின்மேல் புழு ஊர்வதைப் போல. சுருங்கி, நீண்டு, சுருங்கி. என் கால்மாட்டுக்கு மேலே. என் முழங்காலுக்கு மேலே.

என் முகத்துக்கு நேர் மேலே வந்து நின்றது.

மேலே பாட்டு நின்றது.

பிரயனியின் குரல் கேட்டது, தாழ்ந்த குரல். "ஜூலியன்? நீயா?"



பிறகு தேய்க்கும் சத்தம். மெதுவாக, சீராக, பிரஷ்ஷின் விறைத்த முடி தோலின்மேல் போய்வரும் சத்தம்.

என் வயதில் ஓடக் கூடாது. படியேறி ஓடினேன். ஜூலியன் நடையில் நின்று கதவை இடித்துக்கொண்டிருந்தான். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. "பிரயனி! கதவைத் திற!" உள்ளே அவள் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தை பேசுவதைப் போல. "சரி... சரி... திரும்பறேன்..."

இருவரும் தோள் கொடுத்தோம். தாழ்ப்பாள் பிய்ந்தது.

அவள் தொட்டியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆவியே இல்லை. தண்ணீர் பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. முதுகு முழுவதும் சிவந்து கன்றியிருந்தது. இடது கையைத் தண்ணீருக்கு வெளியே, யாரோ பிடித்துவிட்டு விட்ட நிலையில், நீட்டியபடியே வைத்திருந்தாள். தண்ணீரில் அந்த நீளக் கைப்பிடிப் பிரஷ் மிதந்தது.

ஜூலியன் தன் கோட்டால் அவளைப் போர்த்தித் தூக்கினான். நெடுநேரம் அவளுக்குப் பல் கிட்டியது. பிறகு, என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அவ கோவமா இல்ல ஹெக்டர். அதான் பயமா இருந்துச்சு. பொறுமையா முதுகு தேய்ச்சு விட்டா. குழந்தையக் குளிப்பாட்டற மாதிரி. அப்புறம் என் கையை எடுத்து சோப்பு போட்டா. மோதிரத்தை மெதுவா உருவினா. 'இது என்னோடது'ன்னு சொன்னா."

அவள் விரலில் மோதிரம் இல்லை.

மறுநாள் லென் வந்து தொட்டியின் வாயிலிருந்து ஆரம்பித்து, நடைத் தரையைத் திறந்து, புதுக்குழாய் முழுவதும் பார்த்தார். ஒன்றுமில்லை. "பெரிய குழாயில விழுந்திருந்தா இப்போ பிரான்சுக்குப் போயிருக்கும் கண்ணு" என்று சமாதானம் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சாமான்களைக் கட்டும்போது அவர் கால் பின்னறைச் சுவரோரம் நின்ற முண்டுக்குழாயில் இடித்தது.

உள்ளே ஏதோ உருண்டது.

"இது எதோடயும் சேரலையே. நானே மூடினது." மூடியைத் திருகினார். தடம் பிடித்திருந்த மூடி கீச்சிட்டுத் திறந்தது. குழாயைச் சாய்த்ததும் அவர் உள்ளங்கையில் ஒரு மோதிரம் விழுந்தது. "அட! சூடா இருக்கே!"

பிரயனி எட்டி வாங்கினாள். உள்பக்கம் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள்.

உள்ளே செதுக்கியிருந்த எழுத்துகள் ஜூலியனுடையதும் இமோஜனுடையதும். நான் மூடச் சொன்ன சவப்பெட்டிக்குள், அவள் விரலில் போன மோதிரம்.

பிரயனியின் மோதிரம் இப்போது எங்கே, எந்த விரலில் இருக்கிறது என்று மூவருக்கும் தெரிந்தது. லென் மட்டும், "பரவாயில்ல, கிடைச்சிடுச்சே" என்றார்.

பிரயனி அழவில்லை. "அவ ஜெயிச்சுட்டுப் போகட்டும். மோதிரத்தையும் வீட்டையும் வச்சுக்கட்டும்" என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "உன்னைத் தர மாட்டேன். வர்றியா, இல்லையா?"

ஜூலியன் போனான். தொலைவிலுள்ள லட்லோ ஊரில் அவள் தாயார் ஒரு வீடு வாங்கியிருந்தார். அங்கே போனார்கள். காரில் ஏறும்போது பிரயனி என் குடைக்குள் வந்து நின்றாள். "நீங்களும் வாங்க" என்றாள். கேட்டாளே என்று இருந்தது. பென்ரோஸ் ஒருவர் இந்தக் கட்டடத்தில் இருந்தாக வேண்டும் என்று சொன்னேன்.

மேல்வீட்டுத் தண்ணீரை லென் முற்றிலும் அடைத்தார். தொட்டிகளையும் குழாய்களையும் வடித்தார். "ஒரு சொட்டு இல்ல தலைவரே" என்று சாவியைத் தந்தார். அது என் இழுப்பறையில் இருக்கிறது.

அவர்கள் போன பிறகு வந்த ஞாயிறு மதியம், பின்பக்கக் குழாயில் இரண்டு தட்டல். நான் பதில் தட்டவில்லை. கைத்தடியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். ஒவ்வொரு ஞாயிறும் அது வந்தது. அவசரமில்லாமல், கோபமில்லாமல். ஒவ்வொரு ஞாயிறும் நான் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்து அதைக் கேட்டேன். ஞாயிறு மதியம் டை கட்டுவது என் பழக்கம். வேறு காரணமில்லை.

பிறகு ஒரு ஞாயிறு அது வரவில்லை.

நேரம் போனது. கடலில் இருந்து பனி ஏறியது. குளியலறைக்குப் போய்க் குழாயில் காதை வைத்தேன். வெறும் இரும்பு. உட்கூரையைப் பார்த்தேன். கறை எங்கேயும் இல்லை.

தொலைபேசி அடித்தது.

"அப்பா" என்றான் ஜூலியன். மூச்சு வாங்கியது. "அங்க எல்லாம் சரியா இருக்கா?"

"ஏன்?"

"இங்க தட்டுதுப்பா. சமையலறைக் குழாயில. பிரயனி சாப்பாடு எடுத்து வைக்கறா, அப்பத்தான். ரெண்டு தட்டல்."

"குழாய் பழசா இருக்கும்."

"இந்த வீட்டைக் கட்டி ஒரு வருஷம்கூட ஆகலப்பா."

முதலில் என் நெஞ்சில் எழுந்தது பயமல்ல. இத்தனை ஞாயிறும் எனக்குத் தட்டியவள், நான் பதில் சொல்லவில்லை என்று அங்கே போயிருக்கிறாள். ஜூலியனுக்கு அவள் என்றைக்குக் குழாயில் தட்டினாள்? அந்த இரண்டு தட்டல் என்னுடையது.

"அப்பா, கேக்கறீங்களா? நாங்க இன்னும் யார்கிட்டயும் சொல்லல. பிரயனி மாசமா இருக்கா." அவனுக்குப் பின்னால் அவள் குரல் அடிக்குரலில் கேட்டது. "ஜூலியன், குழாயத் தொடாதே. பதில் தட்டாதே."

அப்போது தொலைபேசிக்குள்ளேயே அதைக் கேட்டேன். தொலைவில், மெதுவாக.

இரண்டு.

"இருடா" என்றேன். தொலைபேசியை மேசைமேல் படுக்கவைத்தேன். அலமாரியைத் திறந்து கைத்தடியை எடுத்தேன். நடையைக் கடந்து பின்பக்கம் போனேன்.

குழாயில் ஒரு முறை தட்டினேன்.

திரும்பி வந்தபோது ஜூலியன் அழுதுகொண்டிருந்தான். "நின்னுடுச்சுப்பா. நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்ல. போய்ச் சாப்பிடுங்க. ஆறிடும்."

தொலைபேசியை வைத்தேன். வீடு அமைதியாக இருந்தது. பிறகு மேலே, பின்பக்கம், மஞ்சள் வண்ணம் அடித்த, தொட்டியே இல்லாத அந்த அறையில், இரும்புத் தொட்டிக்குள் தண்ணீர் விழத் தொடங்கியது. அது நிரம்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். நின்றது.

இரண்டு தட்டல்.

கண்ணாடியில் டையைச் சரிசெய்தேன். இழுப்பறையிலிருந்து மேல்வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு படியேறினேன். அழைத்த பெண்ணைக் காக்க வைப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

சாவி தேவைப்படவில்லை. கதவு திறந்திருந்தது. அடைத்துக் கிடந்த அந்த வீட்டுக்குள்ளிருந்து வயலட் வாசனையும், அதற்கு மேலாக, ஆட்டிறைச்சி வாட்டும் மணமும் வந்தன.